கிளாம்பாக்கமா, கேளம்பாக்கமா? தொலைபேசிப் பேச்சு: முக்கியக் குறிப்புகள்

ஊரப்பாக்கத்துக்காரர்களுக்கு 2023 டிசம்பர் 30-க்குப் பிறகு போனில் ஒரு புதுச் சிக்கல் வந்து சேர்ந்தது. அன்றுதான் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தெற்கேயிருந்து வரும் சித்தப்பா விடியற்காலை நாலரைக்கு அழைத்து, "கிளாம்பாக்கத்துல இறங்கிட்டேன்பா" என்பார். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர் காதில் அது "கேளம்பாக்கம்" என்று விழும். முன்னது ஜி.எஸ்.டி. சாலையில், நமக்கும் வண்டலூருக்கும் இடையில். பின்னது பழைய மகாபலிபுரம் சாலையில். நடுவே வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை முழுக்கக் கிடக்கிறது. எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. சித்தப்பா ஒன்றரை மணி நேரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யார் மேல் தப்பு என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.

குரூப் 4, குரூப் 2 படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதைத் தொகுத்தேன். தொலைத்தொடர்பு என்று தலைப்புப் போட்டால் வழிகாட்டி நூல்களில் ஆண்டும் பெயரும் மட்டும் வரிசையாக நிற்கும். அவை இங்கேயும் உண்டு. ஆனால் தேர்ச்சி பெற்று இளநிலை உதவியாளராக நாற்காலியில் உட்காரும் முதல் நாளே மேசையில் மணி அடிக்கும். எடுத்துப் பேசத் தெரியவில்லை என்றால், மனப்பாடம் செய்த 1876 அங்கே கைகொடுக்காது.

1. குரல் ஏன் பாதியில் தேய்கிறது?

• மனிதக் காது கேட்கும் அதிர்வெண் எல்லை ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். பழைய தொலைபேசி இணைப்பு கடத்துவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. இது அடிக்கடி கேட்கப்படும் எண்.

• 'ஸ', 'ஃப' போன்ற உரசொலிகளின் வலு பெரும்பாலும் 3,400-க்கு மேலே இருக்கிறது. அதனால்தான் போனில் எஸ் எழுத்தும் எஃப் எழுத்தும் ஒன்றுபோல் கேட்கின்றன. பி, டி, வி எல்லாம் ஒரே குடும்பம். நம் ஊரில் "பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி" என்று சொல்லிப் பழகியது இதற்காகத்தான்.

• விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற எழுத்துச் சொல் வரிசை 1956-இல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஃபைவ், நைன் இரண்டும் குழம்பும் என்பதால் ஒன்பதை அவர்கள் 'நைனர்' என்பார்கள்.

• வோல்ட்இ அழைப்பில் அகலப்பட்டைக் குரல் கிடைக்கிறது: 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை. இந்தியாவில் ஜியோ இதை 2016 செப்டம்பர் 5 அன்று வணிகச் சேவையாகத் தொடங்கியது. ஆனாலும் சித்தப்பா டீக்கடையில் உட்கார வேண்டியதாயிற்று. குற்றம் அலைவரிசையில் இல்லை, அவசரத்தில் முதல் எழுத்தை விழுங்குவதில் இருக்கிறது.

• பொதுத்தமிழ் படிப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி, அலகிட்டுப் பாருங்கள். கிளாம்பாக்கம்: கிளாம்/பாக்/கம், நிரை நேர் நேர், வாய்பாடு புளிமாங்காய். கேளம்பாக்கம்: கே/ளம்/பாக்/கம், நேர் நேர் நேர் நேர், வாய்பாடு தேமாந்தண்பூ. முன்னதில் நெடில் இரண்டாம் எழுத்தில், பின்னதில் முதல் எழுத்தில். போனில் சொல்லும்போது அந்த நெடிலை இழுத்துச் சொன்னால் போதும், ஆள் சரியான இடத்துக்கு வந்துவிடுவார். (ஊரப்பாக்கமும் தேமாந்தண்பூதான். ஆனால் இதை யாரும் குழப்பிக்கொள்வதில்லை, நம் அதிர்ஷ்டம்.)

• எண் சொல்லும்போது: பத்து இலக்கக் கைபேசி எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்வதே நம் வழக்கம். கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். 'ஃபிஃப்டி', 'ஃபிஃப்டீன்' என்று சொல்லாமல் 'ஐந்து சைபர்', 'ஒன்று ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வது பாதுகாப்பு. அரசு அலுவலகத்தில் ஒரு சர்வே எண் மாறினால் அதன் விளைவு டீக்கடை பெஞ்சோடு முடியாது.

2. ஆண்டுகள், பெயர்கள்: உலகம்

• 1865 மே 17: பாரிஸில் பன்னாட்டுத் தந்தி ஒன்றியம் தொடக்கம். இன்றைய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதுவே. தலைமையகம் ஜெனீவா. மே 17 உலகத் தொலைத்தொடர்பு மற்றும் தகவல் சமூக நாள்.

• 1876 மார்ச் 7: அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்குத் தொலைபேசிக் காப்புரிமை. மார்ச் 10: உதவியாளர் வாட்சனை அழைத்துப் பேசிய முதல் பேச்சு.

• 'ஹலோ' யார் தந்தது? பெல் அல்ல, தாமஸ் எடிசன். 1877-இல் எழுதிய ஒரு கடிதத்தில் போனை எடுத்ததும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்றார். பெல் விரும்பியது கப்பல்காரர்களின் 'அஹாய்'. அது எடுபடவில்லை.

• 1878 ஜனவரி 28: அமெரிக்காவின் நியூ ஹேவனில் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம்.

• 1878 செப்டம்பர் 1: உலகின் முதல் பெண் தொலைபேசி ஆபரேட்டராக எம்மா நட் பாஸ்டனில் சேர்ந்தார். அதற்கு முன் தந்தி அலுவலகத்து இளைஞர்களைத்தான் வைத்திருந்தார்கள். அவர்கள் வாடிக்கையாளரிடம் எடுத்தெறிந்து பேசினார்கள், கேலி செய்தார்கள், திட்டினார்கள். அதனால்தான் அந்த வேலை பெண்களிடம் போனது. மரியாதையாகப் பேசத் தெரியாததால் ஒரு தொழிலையே ஆண்கள் இழந்த கதை இது. தேர்வில் பெயரும் ஆண்டும் மட்டும்தான் கேட்பார்கள், காரணத்தை நாம் வைத்துக்கொள்வோம்.

• 1891: ஆல்மன் ஸ்ட்ரோஜர், தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை. அவர் சவ அடக்கத் தொழில் செய்தவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டார். அந்தக் கோபத்தில் பிறந்தது தானியங்கி இணைப்பகம்.

• 1937 ஜூன் 30: லண்டனில் 999. உலகின் முதல் அவசர அழைப்பு எண்.

• 1973 ஏப்ரல் 3: மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர், கையில் பிடித்துப் பேசும் முதல் கைபேசி அழைப்பு. அழைத்தது போட்டி நிறுவனத்து ஆளை. இதில் மரியாதை கொஞ்சம் குறைவுதான்.

• 1992 டிசம்பர் 3: முதல் குறுஞ்செய்தி, கிறிஸ்துமஸ் வாழ்த்து.

• 2009 வாட்ஸ்அப் தொடக்கம். 2013 குரல் செய்தி. 2014 ஃபேஸ்புக் வாங்கியது. 2015 குரல் அழைப்பு. 2016 காணொளி அழைப்பு.

3. ஆண்டுகள், பெயர்கள்: இந்தியா, தமிழ்நாடு

• 1850: கல்கத்தா–டயமண்ட் ஹார்பர் இடையே முதல் தந்தித் தடம். 2013 ஜூலை 15 முதல் தந்திச் சேவை நிறுத்தம்.

• 1881: ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்குக் கல்கத்தா, பம்பாய், மதராஸ், அகமதாபாத் ஆகிய நகரங்களில் இணைப்பகம் அமைக்க உரிமம். 1882 ஜனவரி 28: கல்கத்தாவில் முறைப்படியான தொடக்கம், 93 சந்தாதாரர்கள்.

• 1960: முதல் எஸ்.டி.டி. இணைப்பு, லக்னோ–கான்பூர். அதுவரை வெளியூர் என்றால் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் 'லைட்னிங் கால்'. வீட்டில் போன் இல்லாதவர்கள் விண்ணப்பங்களில் எதிர்வீட்டு எண்ணைப் போட்டு 'பி.பி.' என்று எழுதுவார்கள். எதிர்வீட்டுக்காரர் வெயிலில் வந்து கூப்பிட்ட காலத்தில் யாரும் அரை மணி நேரம் அரட்டை அடித்ததில்லை. உடனிருப்பவர் பொறுமையே அன்றைய பேச்சின் அளவுகோல்.

• 1984: சி-டாட் தொடக்கம், சாம் பிட்ரோடா. 1986-இல் அதன் முதல் கிராமப்புற இணைப்பகம் கர்நாடகத்தின் கிட்டூரில். மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத்துகள் பெருகியது இதன் பிறகு. ஜி.எஸ்.டி. சாலையில் பத்தடிக்கு ஒன்று இருந்தது. இன்று அந்தக் கடைகளில் ரீசார்ஜும் ஜெராக்ஸும் நடக்கின்றன.

• 1986: எம்.டி.என்.எல். (டெல்லி, மும்பை). 2000 அக்டோபர் 1: பி.எஸ்.என்.எல். சென்னை எம்.டி.என்.எல். எல்லைக்குள் வராது, இது கொக்கி வினா.

• 1995 ஜூலை 31: இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு. கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அப்போது வரும் அழைப்புக்கும் காசு. 2003-இல் 'அழைப்பவர் கட்டணம்' முறை வந்து அது ஒழிந்தது. மிஸ்டு கால் என்ற தமிழர் மொழி மட்டும் ஒழியவில்லை: ஒரு மணி என்றால் 'வந்துட்டேன்', இரண்டு மணி என்றால் 'கீழே வா'.

• 1997: டிராய் சட்டம், ஆணையம். 2000 திருத்தத்தால் தொலைத்தொடர்பு வழக்குத் தீர்வு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தனியாகப் பிரிந்தது. ஒழுங்குபடுத்துவது ஒன்று, தீர்ப்பளிப்பது மற்றொன்று.

• ஐ.ஐ.டி. மெட்ராஸ்: பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி. 2022 மே 19 அன்று இந்தியாவில் உருவாக்கப்பட்ட தொழில்நுட்பத்தில் முதல் 5ஜி அழைப்பு அங்கேதான் பேசப்பட்டது, பேசியவர் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ். 5ஜி சேவை தொடக்கம்: 2022 அக்டோபர் 1.

• 2011 ஜனவரி 20: எண் மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுதும். முதலில் வந்தது ஹரியானாவில், 2010 நவம்பர் 25.

• 2020 ஆகஸ்ட் 10: சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழை வடம் தொடக்கம், நீளம் சுமார் 2,300 கி.மீ.

• 2021 ஜனவரி 15 முதல்: லேண்ட்லைனிலிருந்து கைபேசிக்கு அழைக்கும்போது முன்னால் 0 கட்டாயம். அலுவலகங்களில் இன்னமும் இதை மறந்துவிட்டு "லைன் டெட்" என்பார்கள். செங்கல்பட்டு மாவட்டம் (2019 நவம்பர் 29-இல் உருவான 37-ஆவது மாவட்டம்) தனி மாவட்டமானாலும், ஊரப்பாக்கத்துக்குச் சென்னையின் 044-தான் குறியீடு.

4. இடத்தை முதலில் சொல்

மொத்தக் குறிப்பிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

• கடலில் ஆபத்து என்றால் வி.எச்.எஃப். வானொலியில் 16-ஆவது அலைவரிசை, 156.8 மெகாஹெர்ட்ஸ். 'மேடே' என்று மூன்று முறை. பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன நேர்ந்தது, எத்தனை பேர். 'மேடே' என்ற சொல்லை 1923-இல் உருவாக்கியவர் குராய்டன் விமான நிலைய வானொலி அலுவலர் ஃபிரெடெரிக் மாக்ஃபோர்ட், 'எனக்கு உதவு' என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கரையிலிருந்து கொஞ்சம் ஆழம் போனாலே கைபேசிக் கோபுரம் கைவிட்டுவிடும், வானொலிதான் துணை. கரையில் இருப்பவர்களுக்கு: கடலோரக் காவல்படை 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

• மேடேயின் ஒழுங்கைக் கவனியுங்கள். முறையீடு இல்லை, முன்கதை இல்லை. 108-க்கு அழைக்கும் நம்மவர்கள், "சார், என் மச்சான் காலையிலேயே நெஞ்சு வலிக்குதுன்னான், நாங்கதான் கேஸ்னு நினைச்சு..." என்று தொடங்குவார்கள். இணைப்பு அறுந்தால் எதிரிலிருப்பவருக்குக் கேஸ் தெரியும், ஊர் தெரியாது. முதல் வாக்கியம் இடமாக இருக்கட்டும்: "ஊரப்பாக்கம் ரயில் நிலையம், கிழக்குப் பக்கம்." அடுத்தது நிலைமை. மூன்றாவது உங்கள் எண். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை வைக்கக் கூடாது.

• நெடுஞ்சாலை விபத்து என்றால் 1033, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண். ஜி.எஸ்.டி. சாலையில் நிற்கும்போது கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், தாம்பரம் நோக்கியா செங்கல்பட்டு நோக்கியா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் தடுப்புச் சுவர் இருப்பதால் திசை மாறினால் வண்டி சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

• 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை. புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு மீனவ கிராமம். அவ்வூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்ததும் ஊருக்குப் போன் செய்து, கடற்கரையை விட்டு ஓடச் சொன்னார். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் கிராம அறிவு மையம் இருந்தது. அதன் ஒலிபெருக்கியில் நாள்தோறும் அலை உயரம் அறிவிப்பார்கள். ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொன்னார்கள். சுற்றிலும் கடற்கரை முழுக்கச் சாவு, நல்லவாட்டு மக்கள் உயிர் தப்பினார்கள். ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. அழைத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொன்னார், கேட்டவர் அதை நம்பினார். பேரிடர் மேலாண்மை விடைகளில் 'கடைசி மைல் தொடர்பு' என்று வந்தால் இந்த ஊரின் பெயரை எழுதுங்கள்.

• 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் ஊரப்பாக்கத்துத் தெருக்களில் நீர் நின்றது. மின்சாரம் போய் சார்ஜ் தீரும் நேரத்தில் குரல் அழைப்பைவிடக் குறுஞ்செய்திக்குக் குறைந்த சிக்னலே போதும். உறவினர்கள் இருபது பேர் மாறி மாறி 'எப்படி இருக்கீங்க' என்று அழைப்பது அன்பு, ஆனால் பேட்டரிக்கு எமன். ஒருவர் பேசி மற்றவர்களுக்குச் சொல்லட்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070.

5. எண்களை நினைவில் வைக்கும் வழி

ஒருங்கிணைந்த அவசர எண் 112. ஆம்புலன்ஸ் 108 (தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல்). மருத்துவ ஆலோசனை 104. பெண்கள் 181. முதல்வரின் உதவி மையம் 1100. ரயில்வே 139. மூத்த குடிமக்கள் 14567, வரிசையாக வருவதால் மறக்காது. மனநல உதவிக்கான டெலி-மானஸ் 14416, 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடக்கம். தேர்வு முடிவு வரும் வாரத்தில் இந்த எண் உங்கள் போனில் பதிவாகி இருக்கட்டும், கூச்சப்பட ஒன்றுமில்லை.

• குழந்தைகள் 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கு வரிசை.

• இணையக் குற்றம் 1930. வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரக ஆண்டு. பணம் போனதும் முதல் மணி நேரத்துக்குள் அழைத்தால், போகும் வழியிலேயே தொகையை முடக்க வாய்ப்பு அதிகம். இதன் பழைய எண் 155260.

• தொல்லை அழைப்புத் தடை 1909. மிண்டோ–மார்லி சீர்திருத்த ஆண்டு.

• நிறுவனம் மாற 1900. 'போர்ட்' என்று இந்த எண்ணுக்குத்தான் செய்தி அனுப்ப வேண்டும்.

1093, 1098, 1033 மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கடல், குழந்தை, சாலை. எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

6. யார் அழைக்கிறார்கள்?

• 140-இல் தொடங்கினால் விளம்பர அழைப்பு. 1600-இல் தொடங்கினால் வங்கி முதலிய நிதி நிறுவனங்களின் சேவை அழைப்பு. 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இந்தப் பிரிவினையைப் பின்பற்றச் சொல்லி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து 'பேங்க் மேனேஜர் பேசுறேன்' என்றால் சந்தேகம் நியாயமானது.

• 2023 மே 16: சஞ்சார் சாத்தி இணையதளம். தொலைந்த கைபேசியை முடக்கலாம், உங்கள் பெயரில் எத்தனை சிம் என்று பார்க்கலாம். 2024 மார்ச் 4: அதில் 'சக்ஷு', சந்தேகத்துக்குரிய அழைப்புகளைத் தெரிவிக்கும் வசதி. கைபேசியின் ஐ.எம்.இ.ஐ. எண் 15 இலக்கம், அறிய *#06#.

• 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. 2024 அக்டோபர் 27 மனதின் குரல் நிகழ்ச்சியில் பிரதமர் இதைப் பேசினார்: நில், யோசி, செயல்படு. மோசடிக்காரர்கள் மிக மரியாதையாகத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். "சார்", "மேடம்" இல்லாமல் ஒரு வாக்கியம் வராது. மரியாதைக்குப் பழகிய நம் பெரியவர்கள் பாதியில் வைப்பது அவமரியாதை என்று நினைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவரிடம் சொல்லுங்கள்: இந்த ஒரு இடத்தில் பேச்சின் நடுவே வைப்பது தப்பே இல்லை.

• யாரோ சொன்னார் என்று *401#-இல் தொடங்கும் எண்ணை அழுத்தக் கூடாது. உங்கள் அழைப்புகள் அவர் போனுக்குத் திரும்பிவிடும். இந்த வழித் திருப்பலை நிறுத்தி வைக்க 2024 ஏப்ரல் 15 முதல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

7. சட்டமும் தீர்ப்பும்

• தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு: ஏழாவது அட்டவணை, ஒன்றியப் பட்டியல், இனம் 31.

• தொலைத்தொடர்புச் சட்டம் 2023: குடியரசுத் தலைவர் ஒப்புதல் 2023 டிசம்பர் 24. நீக்கப்படும் பழைய சட்டங்களில் முக்கியமானவை: தந்திச் சட்டம் 1885, கம்பியில்லாத் தந்திச் சட்டம் 1933. ஒருவர் பெயரில் 9 சிம் உச்சவரம்பு (ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கில் 6). மீறினால் முதல் முறை 50,000 ரூபாய் வரை, மறுமுறை 2 லட்சம் வரை. ஏமாற்றி அடுத்தவர் அடையாளத்தில் சிம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.

• ஒட்டுக்கேட்பு: பி.யு.சி.எல். வழக்கு, 1996. போனில் பேசுவது தனியுரிமை, உறுப்பு 21-இல் அடங்கும். 2017 ஆகஸ்ட் 24 புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றனர். 2025 ஜூலை 2-இல் சென்னை உயர் நீதிமன்றம், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல் வெறும் குற்றத்தைக் கண்டறிவதற்காக ஒட்டுக்கேட்க முடியாது என்றது.

• வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது பின்தொடர்தல் குற்றம்: பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 78. முதல் முறை 3 ஆண்டு வரை. 'சும்மா பேசத்தானே கூப்பிட்டேன்' என்பது சட்டத்தில் விடை அல்ல.

• வண்டி ஓட்டும்போது கையில் போன்: மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 184, அபாயகரமான ஓட்டுதல்.

• 2022 மார்ச்: அலுவலக நேரத்தில் அரசு ஊழியர்கள் சொந்த வேலைக்குக் கைபேசி பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கூறியது. 2022 டிசம்பர் 2: திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்க அதே கிளை உத்தரவிட்டது.

• 2022 ஜனவரி: ரயிலில் இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் போன் பேசவோ பாட்டு போடவோ கூடாது என்று ரயில்வே அறிவுறுத்தல். செங்கல்பட்டு–கடற்கரை மின்ரயிலில் பகலிலும் இப்படி ஒன்று வராதா என்று ஏங்குபவர்களில் நானும் ஒருவன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுபவர் வீட்டு நகைக்கடன் விவரம் கூடுவாஞ்சேரியில் ஏறியவருக்குத் தாம்பரத்துக்குள் தெரிந்துவிடுகிறது.

8. பேசும் முறை

பாடத்திட்டத்தில் இல்லை. பணியில் உண்டு.

• எடுத்தவுடன் "யாரு?" என்பது நம் ஊர்ப் பழக்கம். எடுப்பவர் அலுவலகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், அழைப்பவர் தன் பெயரையும் ஊரையும். "வணக்கம், வட்டாட்சியர் அலுவலகம்" என்று எடுத்தால், எதிரே இருப்பவரின் பாதிப் பதற்றம் அங்கேயே அடங்கும். அடுத்த கேள்வி, "இப்போ பேசலாங்களா?"

• முன்பின் தெரியாதவர் எல்லாரும் 'நீங்க'தான். குரல் சின்னதாக இருப்பதால் 'நீ' போட்டு, பிறகு அவர் கோட்டாட்சியர் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்ட எழுத்தர்கள் உண்டு.

• வயதானால் காது முதலில் இழப்பது உயர் அதிர்வெண் ஒலிகளை. அதனால் பாட்டியிடம் கத்துவதில் பயன் குறைவு. நிதானமாக, சொல் சொல்லாகப் பேசினால் புரியும்.

• ஸ்பீக்கரில் போட்டால், யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதிவு செய்தாலும் அப்படியே.

• குரல் செய்தி அனுப்புபவருக்குச் சுகம், பெறுபவருக்குச் சுமை. படிப்புக் குழுக்களில் நாலு நிமிடக் குரல் செய்தியாக நடப்பு நிகழ்வு போடுபவர்கள், தலைப்பை ஒரு வரி எழுதிவிட்டுப் போடலாம். தேதியும் எண்ணும் எழுத்தில்தான் வர வேண்டும். குரலில் தேட முடியாது.

• வைக்கும் முறை. ரிசீவரைத் தாங்கியில் வைத்த காலம் போய்விட்டது, ஆனால் தமிழில் இன்றும் 'போனை வை' என்றுதான் சொல்கிறோம். நல்ல வீடுகளில் அதைக் கேள்வியாகக் கேட்பார்கள்: "வச்சிடவா?" எதிர்ப்பக்கம் "சரிப்பா" என்ற பிறகே வைப்பது. வேறு எந்தக் கையேட்டிலும் இல்லாத, நாமே கண்டுபிடித்த மரியாதை இது. பெரியவர் அழைத்தால் அவர் வைக்கும்வரை காத்திருங்கள். ஒரு வினாடிதான் ஆகும்.

9. கொக்கி வினாக்கள்

• ஜனவரி 28 இரண்டு முறை வருகிறது: 1878 நியூ ஹேவன், 1882 கல்கத்தா.

• முதல் எஸ்.டி.டி. டெல்லி அல்ல. முதல் கைபேசி அழைப்பு டெல்லியிலிருந்து அல்ல, டெல்லிக்கு.

• 'ஹலோ' பெல் சொன்னது அல்ல.

• தேர்வு அறைக்குள் கைபேசி, புளூடூத், ஸ்மார்ட் வாட்ச் எதுவும் கூடாது. பறிபோவது போன் மட்டுமல்ல, விடைத்தாளும்தான். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். போகும் முன், கொண்டுவிட வரும் ஆட்டோக்கார அண்ணனிடம் மையத்தின் பெயரைப் போனில் சொல்லாமல், அனுமதிச் சீட்டை நேரில் காட்டிவிடுங்கள். அதில் இருப்பது கிளாம்பாக்கமா கேளம்பாக்கமா என்பதை முதல் நாள் ராத்திரியே நீங்களும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.